கல்லுக்குள் இருக்கும் கனி: பீலா, மைக்ரோ சிடியா, சிங்க்ரோட்ரானா?

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் மொஹ்காவ் கலான் என்றொரு ஊர். அங்கே கிடைக்கும் செர்ட் கல் நம் சிக்கிமுக்கிக் கல்லின் இனம். அதை உடைத்தால், சில சமயம் உடைந்த முகத்தில் விரல் நகம் அளவுக்குப் பழுப்பு வளையம் ஒன்று தெரியும். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்த காலத்தில், ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் நடுவே தேங்கிய ஏரி குளங்களில் விழுந்து சிலிக்கா ஏறிப்போன கனி அது. வயது ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டு. தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி 1930–40களிலேயே எனிக்மோகார்ப்பான், விராகார்ப்பான் போன்ற கனிகளை இந்தப் படுகைகளிலிருந்து விவரித்தார். அன்று அவர் கையில் இருந்த கருவி ரம்பமும் நுண்ணோக்கியும்தான். இன்று அதே கல்லை வெட்டாமலே உள்ளே பார்க்கலாம். ஆனாலும் எப்படிப் பார்ப்பது என்ற முடிவைத் தப்பாக எடுத்தால், மாதக்கணக்கில் உழைத்தும் குடும்பப் பெயர்கூடச் சொல்ல முடியாமல் போகும். அதைவிட மோசம், இல்லாத ஓர் அடுக்கைக் கண்டதாக எழுதிவிடுவது.

முடிவு எடுக்கும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது "எத்தனை மைக்ரான் துல்லியம்?" என்பதைத்தான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. செல் சுவர் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? இந்தக் கனியை அடையாளம் காண எந்த உறுப்பைப் பார்த்தே ஆக வேண்டும்?

எந்த உறுப்பு என்பதை ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஹைஃபீனியோகார்ப்பான் இண்டிகம் என்ற பனைக் குடும்பக் கனிக்கு 1982இலேயே பெயர் வைத்தாயிற்று. கெல்லி மாட்சுனாகா, செலினா ஸ்மித், ஸ்டீவன் மான்செஸ்டர் உள்ளிட்டோர் வெட்டுமுகங்களையும் மைக்ரோ சிடியையும் (பல கோணத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்து உள்வடிவத்தைக் கட்டுவது) சேர்த்து அதை மறுபடி ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். நம் பனைமரம் இருக்கும் அதே பெருங்குலத்தில் அது வருகிறது. அதற்குள் மடகாஸ்கரின் பிஸ்மார்க்கியா, சட்ரனாலா ஆகியவற்றுக்கு நெருக்கமாக நிற்கிறது. பனைக்கு அது நேர் மூதாதை அல்ல, பங்காளி.

பனைக் குடும்பக் கனியில் இப்படிப்பட்ட முடிவுக்கு வர உதவும் கேள்விகளில் ஒன்று, கொட்டை ஓட்டில் முளை வெளிவரும் துளை எந்தப் பக்கம் என்பது. தேங்காயில் மூன்று கண்ணும் காம்புப் பக்கம் இருக்கும். பனங்கொட்டையில் முளைக்கரு நுனிப் பக்கம் உட்கார்ந்திருக்கும். துளை சில மில்லிமீட்டர்தான். கல்லைக் குறுக்கே ரம்பத்தால் அறுத்தால், அறுப்பு அந்தத் துளையைத் தொடாமலே போகலாம், அல்லது துளை இருந்த இடத்தையே பொடியாக்கிவிடலாம். திராட்சைக் குடும்பமானால் விதையின் வயிற்றுப் பக்கத்தில் இரண்டு மடிப்புகளும் முதுகில் சலாசா (விதைக்குள் ஊட்டக் கற்றை முடியும் இடம்) தழும்பும் தெரிய வேண்டும். தக்காணச் செர்ட்டிலிருந்து 2013இல் விவரிக்கப்பட்ட இண்டோவைட்டிஸ் சித்தாலேயே அப்படி அடையாளம் காணப்பட்டதுதான். சீந்தில் கொடி இருக்கும் மெனிஸ்பெர்மேசி குடும்பமானால் லாடம் போல் வளைந்த கொட்டை. இவையெல்லாம் முப்பரிமாண வடிவங்கள். இவற்றைப் பிடிக்க 10–20 மைக்ரான் போதும். விதையுறையில் எத்தனை செல் அடுக்கு, எந்த அடுக்கின் சுவர் தடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால் கதை வேறு. அதற்கு 1–3 மைக்ரான் வேண்டும்.

பழைய வழி, இன்னும் ஓய்வு பெறாத வழி

அசிட்டேட் பீல், அதாவது கல்லின் முகத்திலிருந்து ஓர் அடுக்குச் செல்களைப் பிளாஸ்டிக் தாளில் உரித்தெடுப்பது, எளிய வேலை, ஆனால் பொறுமை கேட்கும். வைர ரம்பத்தால் கல்லை அறுத்து, கண்ணாடித் தட்டில் 400, பிறகு 600 எண் கார்போரண்டம் பொடி தூவி நீர் விட்டுத் தேய்த்து, கீறலே தெரியாத முகம் கொண்டுவர வேண்டும். பிறகு அமிலத்தில் முகத்தை மட்டும் அரிக்க வேண்டும். சுண்ணாம்புப் படிவமானால் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10–20 விநாடி போதும். செர்ட்டுக்கு அது ஏறாது, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்தான் வேண்டும். கல் அரிபடும், ஆனால் செல் சுவரில் எஞ்சியிருக்கும் கரிமப் பொருள் அரிபடாமல் முடி முடியாக எழுந்து நிற்கும். மெல்லக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, அசிட்டோனை முகத்தில் பாய்ச்சி, காற்று நுழையாதபடி அசிட்டேட் தாளை ஓர் ஓரத்திலிருந்து உருட்டிப் படிய வைக்க வேண்டும். தாள் இளகி அந்தச் சுவர்களைக் கவ்விக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து உரித்தால் ஓர் அடுக்குச் செல்கள் தாளில் வந்துவிடும், பழுப்பு நிறத்தோடு.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. அசிட்டோன் குறைந்தால் குமிழி. அரித்த முகத்தைத் தெரியாமல் விரலால் தொட்டால் சுவர்கள் படுத்துவிடும். மறுபடி தேய்த்து மறுபடி அரிக்க வேண்டியதுதான். காய்வதற்கு முன் உரித்தால் தாள் சுருங்கி, அளவுகள் பொய்யாகும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பற்றி நேரடியாகச் சொல்ல வேண்டும். அது தோலில் பட்டதும் பெரிதாக எரியாமல் போகலாம். உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உயிரையே வாங்கும். புகை உறிஞ்சும் அறை, அதற்கென்று உள்ள கையுறை, கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுகோனேட் களிம்பு, பக்கத்தில் இன்னொரு ஆள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பாட்டிலைத் திறக்கக் கூடாது. பாட்டிலும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், கண்ணாடியை அது தின்றுவிடும். இந்த வசதி இல்லாத கல்லூரி ஆய்வகத்துக்குச் செர்ட் பீல் ஒரு தெரிவே அல்ல. அங்கே 30 மைக்ரான் வரை தேய்த்த மெல்லிய கல் சீவல் (வெட்டுமுகம்) பாதுகாப்பானது.

பீலின் பெரிய குறை அறுப்பில்தான். ரம்பத்தின் அகலமும் அதன் பிறகான தேய்ப்பும் சேர்ந்து, ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். 6 மி.மீ. கனியில் மூன்று நான்கு முகம்தான் கிடைக்கும். கல்லுக்குள் கனி எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்பதும் வெளியே தெரியாது. மூன்று சூலறை உள்ள கனியைச் சாய்வாக அறுத்தால் இரண்டு அறைதான் தெரியலாம். நுங்கை அரிவாளால் சீவும்போது கோணலாக வெட்டு விழுந்தால் ஒரு கண் மறைந்துபோவதில்லையா, அதே கதை. ஒரே தாவரத்தின் கனி, வெவ்வேறு கோணத்தில் அறுபட்டதால் இரண்டு மூன்று பெயரில் உலவும் ஆபத்து இப்படித்தான் வருகிறது.

மைக்ரோ சிடி: கணக்கு போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்

ஆய்வக மைக்ரோ சிடியில் கல் சுழலும், எக்ஸ்ரே மூலமும் உணர்தட்டும் அசையாது. உணர்தட்டில் ஒரு வரிசைக்கு 2,000 புள்ளி என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. கல் முழுவதும் படத்தில் அடங்க ஒரு வோக்ஸல் (முப்பரிமாணப் படத்தின் ஒரு புள்ளி) 15 மைக்ரான். உண்மையில் பிரித்தறிய முடிவது அதன் இரண்டு மூன்று மடங்கு, அதாவது 30–45 மைக்ரான். செல் தெரியாது, திசு தெரியும், சூலறை தெரியும், துளை தெரியும். அதே கல்லைச் சுற்றிலும் வெட்டி 8 மி.மீ. ஆக்கினால் வோக்ஸல் 4 மைக்ரான். ஆகவே "இந்த இயந்திரம் 1 மைக்ரான் வரை போகும்" என்ற விளம்பர எண்ணுக்குப் பொருள் கிடையாது. கல்லின் அகலம்தான் எண்ணை முடிவு செய்கிறது.

அதற்காக முதலிலேயே வெட்டிவிட வேண்டாம். முழுக் கல்லையும் ஒருமுறை 15 மைக்ரானில் பிடித்து, கனி எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகு, சுற்றியுள்ள வெறும் கல்லை மட்டும் அறுத்து நீக்கி இரண்டாம் முறை பிடிப்பதே சரி. அறுக்கும்போது ஏறக்குறைய உருளை வடிவம் வர வேண்டும். தட்டையான பலகைக் கல் மோசமான தேர்வு: அகலவாக்கில் எக்ஸ்ரே 40 மி.மீ. கடக்க வேண்டும், குறுக்குவாக்கில் 5 மி.மீ. ஒரே மின்னழுத்தம் இரண்டுக்கும் ஒத்துவராது. பலகையாகத்தான் இருக்கிறது என்றால், தட்டை முகங்கள் கதிருக்கு இணையாக நிற்காதபடி 10–20 டிகிரி சாய்த்து நிறுத்த வேண்டும்.

செர்ட்டுக்கு 80–120 கிலோவோல்ட், முன்னால் 0.1 முதல் 0.5 மி.மீ. செம்புத் தகடு வடிகட்டியாக என்று தொடங்கலாம். கல்லின் தடித்த பகுதியிலும் குறைந்தது பத்தில் ஒரு பங்கு கதிராவது ஊடுருவி வர வேண்டும். வராவிட்டால் மின்னழுத்தத்தை ஏற்றுங்கள். 3,000 படம், ஒவ்வொன்றும் 1 விநாடி, இரண்டிரண்டாகச் சராசரி என்றால் 100 நிமிடம். கல்லை மெழுகிலோ சூடான பசையிலோ நிறுத்திய உடனே தொடங்கினால், பசை ஆறும்போது கல் ஒரு மயிரிழை நகரும். படம் முழுக்க இரட்டை விளிம்பு வரும். அரை மணி நேரம் பொறுத்துத் தொடங்க வேண்டும். 2,000 × 2,000 × 2,000 வோக்ஸல், 16 பிட் என்றால் ஒரு கனிக்கு 16 ஜிபி. பத்துக் கனி என்றால் மடிக்கணினி போதாது என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் சில கற்களில் ஒன்றுமே தெரியாது, சாம்பல் நிறம்தான். காரணம் எளிது. எக்ஸ்ரே பார்ப்பது அடர்த்தியையும் அணு எண்ணையும். செல்லின் உள்ளும் சிலிக்கா, சுவர் இருந்த இடத்திலும் சிலிக்கா என்றால் எக்ஸ்ரேக்கு இரண்டும் ஒன்றே. சுவரில் கரிமப் பொருள் எஞ்சியிருந்தாலோ, இரும்பு ஆக்சைடு படிந்திருந்தாலோ, எங்காவது வெற்றிடம் இருந்தாலோதான் வேறுபாடு தெரியும். பளபளப்பாக்கிய ஒரு முகத்தில் பழுப்பும் வெள்ளையும் கண்ணுக்கு அழகாகப் பிரிந்து தெரியும் கல், சிடியில் பிரியாமல் போகலாம்; நிறம் வேறு, அடர்த்தி வேறு. அதனால் ஒரு படுகையிலிருந்து 20 கல் இருந்தால் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்த வேண்டாம். மூன்றை மட்டும் 20 நிமிட வேகப் படமாக எடுத்துப் பார்த்துவிட்டு, வேறுபாடு தெரியும் அடுக்கின் கற்களுக்கு மட்டும் நேரத்தைச் செலவிட வேண்டும்.

இனி, தாவரவியலாளர்கள் அதிகம் ஏமாறும் இடம். பல அலைநீளம் கலந்த எக்ஸ்ரே கல்லுக்குள் போகும்போது மென்கதிர்கள் முதலில் வடிகட்டப்பட்டுவிடும். அதனால் மறுகட்டமைத்த படத்தில் ஓரங்கள் வெளுத்தும் நடு மங்கியும் வரும். தனியாகக் கழன்று வந்த கனியில் இந்த வெளுத்த ஓரம் அச்சு அசலாகக் கடினமான ஓர் உறை போலவே இருக்கும். ஓர் அடுக்கு நிஜமா என்று சோதிக்க, செம்புத் தகட்டைத் தடிமனாக்கி மறுபடி எடுத்துப் பாருங்கள். தடிமன் மாறினால் அது கனியின் அடுக்கல்ல. சுழல் அச்சைச் சுற்றி வரும் வட்டக் கோடுகள் உணர்தட்டின் கோளாறு. கனியின் மையத்தை அச்சிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினால், வட்டத்தின் மையம் கனியின் மையமல்ல என்பது உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

படம் வந்த பிறகு உறுப்புகளைப் பிரித்தெடுப்பதுதான் நிஜமான உழைப்பு. கல்லும் கனியும் ஒரே சாம்பல் அளவில் இருக்கும்போது, அளவெல்லை வைத்துத் தானாகப் பிரிக்கும் வழி தோற்கும். 10 முகத்துக்கு ஒன்று கையால் வரைந்து நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்பும்படி விடலாம். 3டி ஸ்லைசர், ஃபிஜி போன்ற இலவச மென்பொருளிலேயே இது நடக்கும். வாஸ்குலார் கற்றை (நீரும் உணவும் கடத்தும் குழாய்த் திசு) போன்ற மெல்லிய இழைக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி வேண்டாம், ஒவ்வொரு முகமாகப் போக வேண்டும். இழை எந்தப் பக்கம் ஏறி எங்கே விதைக்குள் நுழைகிறது என்பதே சில குடும்பங்களைப் பிரிக்கும் அடையாளம். அங்கே ஊகம் கூடாது.

சிங்க்ரோட்ரான் யாருக்கு?

போர்த்துகலின் கிரெட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) களிமண்ணைக் கழுவிச் சலித்தால் கிடைப்பவை கரியாகிப்போன விதைகள், ஒன்றிரண்டு மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. அந்தக் காலக் காட்டுத்தீ அவற்றைக் கரியாக்கியதால் செல் சுவர்கள் நொறுங்காமல் நின்றன. இவற்றுக்கு, எலெக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிட்டு மிகச் செறிவான எக்ஸ்ரே தரும் சிங்க்ரோட்ரானுக்கு இணை கிடையாது. எல்சே மேரி ஃப்ரிஸ் குழுவினர் 2007இல் நேச்சர் இதழில், இப்படிப்பட்ட சிறு விதைகளை உள்ளே பார்த்து நீட்டேல்ஸ், பென்னட்டிட்டேல்ஸ் என்ற பூக்கும் தாவரமல்லாத விதைத் தாவரத் தொகுதிகளோடு தொடர்புபடுத்தினார்கள். 2015இல் அதே இதழில், பூக்கும் தாவரங்களின் தொடக்க கால விதைகளுக்குள் முளைக்கருவையும் முளைசூழ்சதையையும் காட்டினார்கள். கரு அவ்வளவு சிறியது. விதை மண்ணில் விழுந்த பிறகு உள்ளேயே வளர்ந்த பின்தான் முளைக்க முடிந்திருக்கும். பீல் முறையில் கனவிலும் கிடைக்காத செய்தி இது.

இதற்குக் காரணம் துல்லியம் மட்டுமல்ல, கட்ட வேறுபாடும்கூட (எக்ஸ்ரே அலையின் கட்டம், அதாவது அதன் ஏற்ற இறக்க நிலை, மாறுவது). மெல்லிய கரிச் சுவர் எக்ஸ்ரேயை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆனால் அலையைச் சிறிது வளைக்கும். உணர்தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தால் அந்த வளைவு விளிம்பில் வெள்ளை–கறுப்புக் கோடாகப் பதியும். அந்த வரமே பொறியும்கூட. ஒரே ஒரு சுவர் அந்த இரட்டைக் கோட்டினால் இரண்டு அடுக்கு போலத் தோன்றும். விதையுறை அடுக்குகளை எண்ணுமுன், கட்டத்தை மீட்டெடுத்த படத்தையும் மீட்டெடுக்காத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எண்ணக் கூடாது.

ஒரு மைக்ரானுக்கும் கீழான வோக்ஸலில் பார்வைப் புலம் 1–1.5 மி.மீ.தான். 20 மி.மீ. செர்ட் கனியோடு அங்கே போவது வீண். அனுமதி திட்ட முன்மொழிவின் பேரில்தான், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கிடைப்பது இரண்டு மூன்று நாள். அந்த நாட்களில் மாதிரி மாற்றும் வேகம்தான் எல்லாம். ஒவ்வொரு விதையையும் ஒரே உயரமுள்ள தண்டில் முன்பே ஒட்டி, எண் எழுதி, நுண்ணோக்கிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு போக வேண்டும். எஸ்இஎம்முக்காக (மேற்பரப்பைக் காட்டும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி) வெள்ளிப் பசையில் உலோகக் குமிழ்மேல் ஒட்டிய விதை கோடுகோடாய்க் கதிர்ச் சிதறல் காட்டும். ஆகையால் முதலில் சிங்க்ரோட்ரான், பிறகு எஸ்இஎம். இந்தூரில் இண்டஸ்-2 என்ற சிங்க்ரோட்ரான் இருக்கிறது, அதிலும் படமெடுப்பதற்கான கதிர்வழி உண்டு. இந்தியக் குழுக்கள் வெளிநாட்டுக்கு எழுதுமுன் அங்கே கேட்பதே நல்லது, விதையை விமானத்தில் அனுப்பும் கவலையும் மிச்சம்.

மற்ற கனிமங்கள், சுருக்கமாக

லண்டன் களிமண்ணின் ஷெப்பி தீவுக் கனிகள் பைரைட்டால் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) ஆனவை. ரீடும் சாண்ட்லரும் 1933இல் அவற்றைத் தொகுத்துப் பெருநூலாக்கினார்கள். பைரைட் செர்ட்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி. 150 கிலோவோல்ட்டுக்கு மேல், தடித்த தகடு, அப்படியும் சிறிய கனிதான் ஊடுருவும். அதைவிட முக்கியம், ஈரக் காற்றில் பைரைட் ஆக்சிஜனேறிக் கந்தக அமிலமாகி மாதிரியையே தின்றுவிடும். அதனால் சிலிகான் எண்ணெயில் மூழ்கவைத்திருப்பார்கள். படம் எடுக்கவென்று வெளியே எடுத்துக் காய வைக்க வேண்டாம். எண்ணெயோடு குழாயில் வைத்தே மைக்ரோ சிடி எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். கனி குழாய்க்குள் மிதந்து சுழலாதபடி பஞ்சுத் துண்டால் இறுக்கினால் போதும்.

எக்ஸ்ரேக்குப் பதில் நியூட்ரான் கற்றையால் படமெடுக்கும் நியூட்ரான் தோமோகிராபி ஹைட்ரஜனைப் பார்க்கும். எக்ஸ்ரே ஊடுருவாத இரும்புக் கல்லுக்குள் கரிமப் பொருள் மிஞ்சியிருந்தால் அதுவே வழி. நியூசிலாந்தின் சாத்தம் தீவுக் கூம்புகளுக்குள் இருந்த பிசினை ஆஸ்திரேலியாவில் அப்படித்தான் பார்த்தார்கள். துல்லியம் பல பத்து மைக்ரான் அளவில்தான். கோபால்ட், யூரோப்பியம் போன்ற தனிமங்கள் இருந்தால் கல் சில காலம் கதிரியக்கத்தோடு இருக்கும், உடனே வீட்டுக்கு எடுத்து வர முடியாது.

களிப்பாறையில் தட்டையாக அழுந்திய கனிக்கு இவை எதுவும் பெரிதாகப் பயன்படாது. படகோனியாவின் லகூனா டெல் ஹுன்கோவில் கிடைத்த 5.2 கோடி ஆண்டு ஃபைசாலிஸ், நம் சொடக்குத் தக்காளியின் உறவு, காற்றுப்பை போன்ற புல்லிவட்டத்தோடு அப்படியே அமுங்கிப் போயிருந்தது. அங்கே நரம்புகளின் ஓட்டம்தான் சாட்சி. சாய்ந்த வெளிச்சமும் துருவமாக்கிய வடிகட்டியும் நல்ல கேமராவும் போதும்.

எது முதலில், எது கடைசியில்

செர்ட் கனி, 5 மி.மீ.க்கு மேல், மாதிரி ஒன்றே ஒன்று என்றால், பரிந்துரை ஒன்றுதான்: மைக்ரோ சிடி, தேவையற்ற கல்லை வெட்டி மறுபடி மைக்ரோ சிடி, அதோடு நிறுத்தம். வகைமாதிரியாக (புதிய இனத்தின் பெயருக்கு ஆதாரமாக) வைக்கப் போகும் கல்லை அதற்கு மேல் அறுக்க வேண்டாம். ஐந்தாறு மாதிரி இருந்தால், எல்லாவற்றையும் சிடி எடுத்துவிட்டு, மோசமாக உடைந்த ஒன்றைப் பீலுக்குக் கொடுக்க வேண்டும். செல் சுவர்த் தடிப்பும் நிறமும் அங்கேதான் உறுதியாகும். சிடியில் 4 மைக்ரானில் "அடுக்கு" என்று தெரிந்தது ஒற்றை வரிச் செல்லா, நாரா, வெறும் இரும்புக் கறையா என்பதைப் பீல் அரை மணி நேரத்தில் சொல்லிவிடும். சிடியில் வேறுபாடே தெரியாத கல் என்றால் தயங்காமல் முதலிலிருந்தே வெட்டுமுகம். விலையுயர்ந்த இயந்திரத்தைவிட அங்கே ரம்பம்தான் சரி. கரி விதை, 2 மி.மீ.க்குக் கீழ் என்றால் சிங்க்ரோட்ரானுக்கு விண்ணப்பிப்பதே முதல் வேலை. காத்திருக்கும் மாதங்களில் ஒப்பீட்டுக்கான இன்றைய விதைகளைத் திரட்டலாம்.

இந்த ஒப்பீட்டுத் தொகுப்பைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். இன்றைய கனிகளின் சிடி இல்லாமல் கல்லின் சிடிக்குப் பொருள் வராது. உலர்தாவரக் காப்பகங்களில் (ஹெர்பேரியம்) காய்ந்த கனி கிடைக்கும். 40–60 கிலோவோல்ட், தகடு இல்லாமல், கல்லுக்குப் பயன்படுத்திய அதே வோக்ஸல் அளவில் எடுக்க வேண்டும். வெவ்வேறு அளவில் எடுத்த இரண்டை ஒப்பிட்டால், ஒன்றில் தெரியும் மடிப்பு மற்றதில் இல்லாததுபோல் தோன்றும். பனை என்றால் ஒரு பனம்பழம் போதாது: நுங்குப் பருவம், பழுத்தது, கொட்டை காய்ந்தது என மூன்று நிலையும் வேண்டும். நுங்கில் ஓடு இன்னும் மெல்லியது. கல்லாகிப்போன இளங்காயை முற்றிய கொட்டையோடு ஒப்பிட்டு வேறு பேரினம் என்று சொல்லிவிடக் கூடாது.

அறுக்க முடிவு செய்துவிட்டால், அறுப்பதற்கு முன்பே சிடி அடுக்கில் ரம்பம் எந்த எண் முகத்தில் போகும் என்று குறித்து, கல்லின் ஓரத்தில் சாய்வாக ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீலிலும் அந்தக் கீறல் சற்று நகர்ந்து தெரியும். அதன் இடத்தை அளந்தால் பீல் சிடியின் எந்த முகத்தோடு பொருந்துகிறது என்று மைக்ரான் கணக்கில் வந்துவிடும். வோக்ஸல் அளவு, மின்னழுத்தம், தகட்டின் தடிமன் ஆகியவற்றை டிஃப் படங்களோடு ஒரே கோப்புறையில் எழுத்துக் கோப்பாக வையுங்கள். அறுத்த துண்டுகளில் வெறும் கல்லாகத் தெரிவதையும் எறிய வேண்டாம், எண் எழுதி அதே பெட்டியில் போட்டு வையுங்கள். மகரந்தம் அதில் இருக்கலாம்.